ஏமி வைன்ஹவுஸ்: குரலும் கூச்சலும்

நண்பர்களே, பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸ் என்றாலே பலரும் சாவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். 2011 ஜூலை 23, லண்டன் கேம்டன் வீடு, வயது 27, அளவுமீறிய குடி. சரி, தெரிந்த கதை. நான் அவர் பாடல்களிலிருந்து வருகிறேன்.

வடக்கு லண்டன் யூதக் குடும்பம். அப்பா டாக்ஸி ஓட்டியவர். ஜாஸ் கேட்டே வளர்ந்த பெண். 20 வயதில் 'ஃபிராங்க்', 2006இல் 'பேக் டு பிளாக்'. உயிரோடிருந்தபோது வந்த ஆல்பங்கள் இந்த இரண்டே.

இரண்டாவதில் மெட்டும் வாத்தியமும் 1960களின் அமெரிக்கப் பெண் பாடகர் குழுக்களின் பாணி. உயரக் கொண்டைகூட அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்தக் காலத்துப் பாட்டில் காதலி அழுவாள். ஏமியின் பாட்டில் அவள் கெட்ட வார்த்தையில் கணக்குத் தீர்ப்பாள். 'ரிஹாப்' பாட்டிலோ, மறுவாழ்வு மையத்துக்குப் போகச் சொன்னார்கள், மாட்டேன் என்கிறார். 2008இல் ஒரே இரவில் 5 கிராமி. விசா சிக்கலால் லண்டனிலிருந்தே பாடினார். அதே நாட்களில் செய்தித்தாள்கள் அவர் தடுமாறும் படங்களைப் போட்டுக் காசு பார்த்தன. தொலைக்காட்சி நகைச்சுவைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. பாட்டுக்கு ஆடிய அதே நாம்தான் அதற்கும் சிரித்தோம்.

2011 மார்ச்சில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட்டோடு 'பாடி அண்ட் சோல்' என்ற பழைய ஜாஸ் பாட்டின் ஒலிப்பதிவு. பென்னட்டுக்கு 84 வயது. ஏமி கேட்டு வளர்ந்த குரல். பக்கத்தில் நின்றதும் ஏமிக்கு உதறல். சரியாக வரவில்லை என்று தன்னையே திட்டிக்கொள்கிறார். பென்னட் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "டைனா வாஷிங்டன் சாயல் உன்னிடம் இருக்கிறது" என்கிற மாதிரி ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பழைய அமெரிக்க ஜாஸ் பாடகி டைனா என்றால் ஏமிக்கு உயிர். அதற்கப்புறம் குரல் திறந்துவிட்டது. பாடகியைப் பாடகியாக நடத்தியதுதான் வேலை செய்தது என்பேன்.

மூன்று மாதத்தில் செர்பியாவின் பெல்கிரேட் மேடை. வரிகள் மறந்து தள்ளாடினார், கூட்டம் கூச்சலிட்டது, மிச்ச நிகழ்ச்சிகள் ரத்து. அந்த நிலையில் அவரை மேடைக்கு அனுப்பியவர்களை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

'ஃபிராங்க்' கேட்டுத்தான் கிட்டாரைக் கையில் எடுத்தேன் என்று பிரிட்டிஷ் பாடகி அடேல் சொல்லியிருக்கிறார். ஏமி இறந்த ஆண்டிலேயே, மிச்சமிருந்த பதிவுகளைத் திரட்டி ஒரு தொகுப்பு வந்தது. மூன்றாவது ஆல்பத்துக்காக ஏமி பதிந்திருந்த மாதிரிப் பதிவுகளை மட்டும் அழித்துவிட்டதாக, அவர் ஆல்பங்களை வெளியிட்ட யூனிவர்சல் மியூசிக் கம்பெனியின் அப்போதைய பிரிட்டன் தலைவர் டேவிட் ஜோசப் 2015இல் சொன்னார். வேறு யாரும் கை வைத்து அதை முடிக்கக் கூடாது என்பதற்காகவாம். ரசிகர்கள் பலருக்குக் கோபம். எனக்கென்னவோ, அந்தக் கம்பெனி அவருக்குச் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று படுகிறது.