காலையில் வரும் தலையிடி
(படுவான்கரையில் பெற்றோர், ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

அம்மாமாரே, ஐயாமாரே, ஆசிரியர்மாரே,

காரணம் தெரியாமல் ஒரு பிள்ளை செத்துப்போனால் திடீர் மரண விசாரணை அதிகாரி பிரேத பரிசோதனைக்குச் சொல்வார். அப்போது வீட்டில் எழும் குரல் ஒன்றுதான்: "என்ட புள்ளைய வெட்ட வேணாம் ஐயா." அதைப் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் யாரும் சந்தேகிக்காத மூளைக்கட்டி சில வேளை அந்த மேசையில்தான் தெரியவருகிறது. அபூர்வம்தான், ஆனாலும் நடக்கிறது.

மண்டையோட்டைத் திறந்தால், வரப்பும் வாய்க்காலுமாக இருக்க வேண்டிய மூளை தட்டையாக அமுங்கிக் கிடக்கும். பிடரிப் பக்கம், சிறுமூளையில் கட்டி. மெடுல்லோபிளாஸ்டோமா என்கிற, பிள்ளைகளுக்கு வரும் மூளைப் புற்றுநோய் வளருவது அங்கேதான். மூளை மிக மென்மையானது. ஃபோர்மலினில் இரண்டு வாரம் போல வைத்து இறுகிய பிறகே துண்டுபோட்டுப் பார்ப்பார்கள். றிப்போட் சுணங்குவது அதனால்தான்.

மூளைக்குள் ஒரு நீர் ஓயாமல் சுரக்கிறது. பெரியவர்களில் நாளுக்கு அரை லீற்றர் அளவு. அது வடிகிற வழி சிறுமூளைக்கு முன்னால் இருக்கிறது. கட்டி அதை அடைத்தால் நீர் தேங்கும், அழுத்தம் ஏறும். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைக்கும், தலை பெருக்கும். வளர்ந்த பிள்ளையின் மண்டையோடு விரியாது. கடைசியில் சிறுமூளையின் அடிப்பகுதி கீழிறங்கி, மூச்சை நடத்தும் இடத்தை நசுக்கிவிடும். சாவு திடீரென்று வந்தாலும், கட்டி வாரக்கணக்காக, மாதக்கணக்காக அங்கே இருந்திருக்கும்.

படுத்திருக்கும்போது இந்த அழுத்தம் கூடும். அதனால்தான் விடியற்காலைத் தலையிடி, சத்தி. சத்தி எடுத்து எழும்பி நடந்தால் கொஞ்சம் சுகம். பத்து மணிக்கு வளவுக்குள் பந்தடிப்பான். பார்க்கிற அம்மா என்ன நினைப்பா? பள்ளிக்கூடக் கள்ளம்! சரி, ஞாயிற்றுக்கிழமை காலையிலும் சத்தி எடுக்கிறானா என்று பாருங்கள். கள்ளத்துக்கு ஞாயிறு லீவு.

பிறகு வயிற்றுப் பூச்சிக்கு மருந்து, பனடோல், கண்ணூறு. கண்ணூறு கழியுங்கள், நான் மறிக்கவில்லை. கழித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கும் வாருங்கள்.

ஆசிரியர்மாருக்கு வீட்டாரைவிடக் கூடத் தெரியும். நல்ல கையெழுத்து குழம்புகிறது, கால்களை அகட்டி நடக்கிறான், தலையைச் சரித்தே வைத்திருக்கிறான், புதிதாக மாறுகண் விழுகிறது, ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்கிறான். இப்படி ஏதும் கண்டால் அன்றே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.

பயப்படுத்த வரவில்லை. பிள்ளைகளின் தலையிடியில் பெரும்பாலானது கட்டியே அல்ல. கட்டிகளிலும் சில, சத்திரசிகிச்சையில் முழுதாக எடுத்தால் பெரும்பாலும் திரும்புவதில்லை. சிலவற்றுக்குக் கதிர்ச் சிகிச்சையும் மருந்தும் வேண்டும். அப்படியும் எல்லாப் பிள்ளையும் பிழைப்பதில்லை, அதையும் மறைக்கக்கூடாது.

நெரிசலான கிளினிக்கில் "சத்தி" என்று மட்டும் சொன்னால் வைத்தியரும் வயிற்றைத்தான் பார்ப்பார். "விடிய எழும்பினதும் தலையிடி, சத்தி, ரெண்டு கிழமையா நடக்குது" என்று முழுசாகச் சொல்லுங்கள். பிள்ளையை நடக்கவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீக்கம் இல்லை என்றாலும் சத்தி நிற்காவிட்டால், அடுத்த கிழமை திரும்பவும் கூட்டிக்கொண்டு போங்கள்.