மின்வெட்டிலும் மணியடித்த தொலைபேசி, இணையத்துக்கு மாறியதும் ஏன் அடங்கிவிடுகிறது?

வணக்கம். ஊரே இருட்டில் மூழ்கியிருந்த இரவுகளிலும் கூடத்து மூலையில் இருந்த பழைய தொலைபேசி மட்டும் எப்படி வேலை செய்தது என்று நீங்கள் யோசித்ததுண்டா? அதற்கு வேண்டிய மின்சாரம் உங்கள் வீட்டிலிருந்து வரவே இல்லை. தொலைபேசி நிலையத்தில் அடுக்கி வைத்திருந்த பேட்டரிகளிலிருந்து, ஏறத்தாழ 48 வோல்ட் அளவில், பேச்சைச் சுமந்த அதே செம்புக் கம்பி வழியாகவே அது வந்துகொண்டிருந்தது. இப்போது அந்தக் கம்பிக்குப் பதிலாக வரும் ஃபைபர் என்பது கண்ணாடி இழை. ஒளியைக் கடத்துமே தவிர மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே நிலையம் செய்துவந்த வேலைகளில் சிலவற்றை இனி உங்கள் வீட்டு ரவுட்டரே செய்தாக வேண்டும்; அதுவோ வீட்டு மின்சாரத்தில் இயங்குவது.

பிரிட்டன் இப்படி நாடு முழுவதும் மாறும் திட்டத்தை வகுத்தது. 2025 இறுதியில் பழைய இணைப்புகளை நிறுத்துவதாக இருந்து, பிறகு அந்தக் கெடுவை 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். ஏன் தள்ளினார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்குமுன் சுழற்றும் டயல் கொண்ட தொலைபேசியைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் இந்த விஷயத்தில் என்னை மிகவும் வியக்க வைத்தது அதுதான்.

7 என்ற துளையில் விரலை விட்டுச் சுழற்றி விடுங்கள். டயல் தன் இடத்துக்குத் திரும்பும்போது, குழாயை ஏழு முறை மூடித் திறப்பதைப் போல, கம்பியில் ஓடும் மின்னோட்டம் ஏழு முறை அறுந்து சேர்கிறது. வினாடிக்குச் சுமார் 10 துண்டிப்புகள் என்ற வேகத்தில் வரும் இவற்றை எண்ணித்தான் நிலையம் உங்கள் எண்ணைப் புரிந்துகொண்டது. பூஜ்யத்துக்குப் பத்துத் துண்டிப்புகள். மின்னோட்டம் இருப்பதும் இல்லாததுமே மொழியாக அமைந்த இந்த வடிவமைப்பை விட எளிமையானது வேறொன்று இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ரவுட்டர்களின் தொலைபேசித் துளைகள் பலவும், இடையில் பொருத்தும் அடாப்டர்கள் பலவும், பொத்தான் தொலைபேசி எழுப்பும் இரட்டை ஒலிகளை மட்டுமே அறியும். எனவே பழைய கருவியை அதில் செருகினால் அழைப்பு வரும், பேசவும் முடியும், வெளியே அழைக்க மட்டும் முடியாது. துண்டிப்புகளை ஒலியாக மாற்றித் தரும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. தாத்தாவின் தொலைபேசியைத் தூக்கி எறியுமுன் அவற்றை முயன்று பாருங்கள். மணிக்கும் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே இருக்கும் சுத்தியலை அசைக்கப் பல பத்து வோல்ட் மாறுமின்னழுத்தம் தேவை. திறன் குறைந்த அடாப்டரில் இரண்டு மூன்று பழைய கருவிகளை இணைத்தால் மணி முனகும், அல்லது அடிக்கவே அடிக்காது.

ஃபேக்ஸின் கதை வேறு. இணையத்தில் குரல் பெரும்பாலும் 20 மில்லி வினாடித் துண்டுகளாகப் பயணிக்கிறது. ஒரு துண்டு வழியில் தொலைந்தால் நம் காது அதைக் கவனிப்பதே இல்லை. வினாடிக்கு 14,400 பிட் வேகத்தில் அனுப்பும் ஃபேக்ஸோ அதற்குள் 288 பிட்டுகளை இழந்துவிடும். இணையத்தில் ஃபேக்ஸ் அனுப்புவதற்கென்றே டி.38 என்ற தொழில்நுட்ப விதிமுறை உண்டு. இரு முனைகளும் இடையிலுள்ள நிறுவனங்களும் அதை ஆதரிக்க வேண்டும்.

இப்போது பிரிட்டன் தயங்கிய காரணத்துக்கு வருவோம். அங்கே தனியாக வாழும் முதியவர்கள் பலர் கழுத்தில் ஓர் அவசரப் பொத்தானை அணிந்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் வீட்டுக் கருவி தொலைபேசி வழியாகக் கண்காணிப்பு மையத்தை அழைத்து, ஒலிக் குறிப்புகளால் தன்னை அடையாளம் காட்டும். இணைப்பு மாறியபின் சில வீடுகளில் இந்தக் கருவிகள் வேலை செய்யாமல் போனது 2023இல் தெரியவந்ததும், வாடிக்கையாளர் கேட்காமல் மாற்றுவதை நிறுவனங்கள் நிறுத்திவைத்தன. விழுந்து கிடக்கும் ஒருவர் பொத்தானை அழுத்தியும் யாருக்கும் கேட்காத நிலையைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியாது.

அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், இணைய வழி வீட்டுத் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்பவர்கள் மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர உதவியை அழைக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. லண்டனில் உங்கள் பெற்றோர் இத்தகைய பொத்தானோடு வாழ்ந்தால், இணைப்பு மாறிய அன்றே அதை அழுத்திச் சோதிக்கச் சொல்லுங்கள். மையம் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். சென்னையிலோ மதுரையிலோ ஃபைபர் வழித் தொலைபேசி வைத்திருப்பவர்கள், ரவுட்டரையும் ஃபைபர் வந்து சேரும் பெட்டியையும் இன்வெர்ட்டர் இணைப்பில் செருகி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓர் அழைப்பு செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் எந்தப் பழைய கருவி வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதைக் கீழே எழுதுங்கள்.