அலாரத்துக்கும் பழக்கமான சாவி

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூருவில் 30 ஆண்டுகளாகக் கார்களின் மின்பணியைச் செய்தும் கற்பித்தும் வருகிறேன். மாற்றுச் சாவி கேட்டு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கையிலிருந்த கடைசிச் சாவியும் தொலைந்த பிறகே வருகிறார்கள். அவர்களுக்காக இல்லாவிட்டாலும், இன்னும் ஒரு சாவியாவது கையில் வைத்திருப்பவர்களுக்காக இன்று பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனர் குடும்பத்தோடு ஓசூர் சந்திரசூடேசுவரர் மலைக்கோயிலுக்குக் காரில் போயிருந்தார். கூட்டத்தில் சாவி தொலைந்துவிட்டது. பெங்களூரு அல்சூர் வீட்டுப் பீரோவில் மாற்றுச் சாவி இருந்ததால் அவர் கலங்கவில்லை. நானே அதை எடுத்துக்கொண்டு 40 கிலோமீட்டர் பேருந்தில் போய்ச் சேர்ந்தேன். சாவி கதவைத் திறந்தது, திறந்த நொடியில் அலாரம் அலறத் தொடங்கியது. இக்னிஷனில் போட்டுத் திருப்பியதும் இன்ஜின் ஓடத் தொடங்கி, இரண்டே விநாடியில் நின்றது. எத்தனை முறை திருப்பியும் அதே கதைதான். சுற்றிலும் கூடியவர்கள் எங்களைத் திருடர்களைப் போலப் பார்த்தார்கள். கார் இழுவை வண்டியில் ஊர் திரும்பியது. அந்தச் சாவி, சில நூறு ரூபாய்க்கு ஒரு சாவிக்கடையில் வெட்டியது. அவர் கேட்ட வடிவத்தைக் கடைக்காரர் பிசகாமல் வெட்டிக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான்.

இன்றைய கார் சாவி ஒன்றுபோல் தோன்றினாலும் அதற்குள் மூன்று சாவிகள் இருக்கின்றன. பூட்டைத் திருப்பும் உலோகத் தகடு ஒன்று. கதவையும் அலாரத்தையும் தூரத்திலிருந்து இயக்கும் ரிமோட் இன்னொன்று. இதற்குத்தான் பேட்டரி தேவை, நம் நாட்டுக் கார்களில் இது பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. மூன்றாவது, சாவியின் தலைக்குள் மறைந்திருக்கும் அரிசி மணி அளவுள்ள சிப். இதற்குப் பேட்டரியே கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸில் அனுப்பும் அலையிலிருந்தே சக்தி பெற்று, சில சென்டிமீட்டர் தொலைவில் தன்னை அடையாளம் சொல்கிறது. அடையாளம் பொருந்தாவிட்டால், காரிலுள்ள இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு இன்ஜினை ஓடவிடாது. ஐரோப்பாவில் 1998-இலேயே புதிய கார்களுக்கு இது கட்டாயமாகிவிட்டது.

பழைய சிப்புகள் எப்போதும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். அவற்றை எளிதில் நகலெடுக்கலாம். பின்னர் வந்தவை அப்படியல்ல. கார் ஒவ்வொரு முறையும் புதிய எண் ஒன்றைக் கேள்வியாக அனுப்புகிறது. சிப் தன்னிடமுள்ள இரகசியத்தால் அதைக் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பித் தருகிறது, இரகசியம் வெளியே வருவதே இல்லை. அதிலும் 40 பிட் இரகசியம் கொண்ட ஒரு வகையை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் உடைத்துக் காட்டினார்கள். அதனால்தான் புதிய கார்களில் இன்னும் நீளமான, 128 பிட் இரகசியத்துக்குப் போயிருக்கிறார்கள். ரிமோட்டும் ஒவ்வோர் அழுத்தலுக்கும் தன் குறியீட்டை மாற்றிக்கொள்கிறது. வீட்டு வாசல் கேட்டுகளைத் திறக்க விற்கும் நகல் ரிமோட் இத்தகைய காரில் பயன்படாததற்குக் காரணம் இதுவே.

ஆகவே மாற்றுச் சாவி செய்வது என்றால், அந்தச் சாவியின் சிப்பையும் ரிமோட்டையும் காரின் நினைவகத்தில் பதிவு செய்வதுதான். ஷோரூமில் கேட்டால் ஆர்.சி.யையும் அடையாளச் சான்றையும் பார்த்து, சேஸிஸ் எண்ணைக் கொண்டு சாவியை வரவழைத்துத் தருவார்கள்; சாவி தொலைந்திருந்தால் காவல்துறையில் பதிந்த புகாரின் நகலும் வேண்டியிருக்கும். கார் வாங்கியபோது சாவியோடு கொடுத்த எண் பொறித்த சிறு தகட்டை எங்கேயாவது பத்திரப்படுத்தியிருந்தால், வேலை மிகவும் எளிதாகும். பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம் கணினிக் கருவியோடு இதைச் செய்யும் கைதேர்ந்தவர்களும் உண்டு. அவர்களிடம் போனால், உங்கள் கண்முன்னே பதிவு செய்யச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள எல்லாச் சாவிகளையும் மறக்காமல் கொண்டுபோங்கள். பல கார்களில் புதிய சாவியைப் பதியும்போது பழைய பதிவுகள் அழிந்து, அந்நேரம் கையில் உள்ளவை மட்டுமே மறுபடி சேரும்.

அலாரம் காரோடு வந்ததா, கடையில் பின்னர் பொருத்தியதா என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் பொருத்தியது தனிப்பெட்டி. ஷோரூம் சாவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதனோடு பேசாது, அதற்குரிய ரிமோட்டைத் தனியே பழக்க வேண்டும்.

சாவியை வாங்கியதும் அங்கேயே சோதியுங்கள். ஜன்னலை இறக்கிவிட்டுக் காரைப் புதிய ரிமோட்டால் பூட்டி, அலாரம் விழித்துக்கொள்ள ஒரு நிமிடம் கொடுங்கள். பிறகு ரிமோட்டைத் தொடாமல் தகட்டால் மட்டும் கதவைத் திறங்கள். பல கார்களில் அலாரம் ஒலிக்கும், அது குறையன்று. அந்தச் சாவியை இக்னிஷனில் போட்டுத் திருப்பியதும் சிப்பை அறிந்து அலாரம் அடங்கி, இன்ஜின் நிற்காமல் ஓட வேண்டும். ரிமோட்டின் பேட்டரி தீர்ந்த ஒரு நள்ளிரவில் உங்களைக் காப்பாற்றப் போவது இந்த வழிதான்.

ஒரு சாவியாவது உயிரோடு இருக்கும்போது இந்த வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எல்லாமே தொலைந்த பிறகு, காரை இழுத்துச் செல்வதும், சில கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டியையோ பூட்டுத்தொகுதியையோ மாற்றுவதும் சேர்ந்து செலவு பல மடங்காகும். கார் திருடு போனால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது இரண்டு அசல் சாவிகளையும்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய கார் வாங்குவோர், இப்போது எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன என்பதைக் கருவி வழியே பார்க்கச் சொல்ல வேண்டும். உங்கள் கையில் இரண்டு இருக்க, நினைவகத்தில் மூன்று இருந்தால், அந்த மூன்றாவது எங்கோ ஒருவர் பையில் இருக்கிறது. அன்றைக்கே அதை அழித்துவிடச் சொல்லுங்கள். வணக்கம்.