செய்தி கைபேசிக்கு வரும். ஆள் திடலுக்குத்தான் வரவேண்டும்

(தலைப்பு: கிராமத்தை ஒன்றாக வைத்திருப்பது கைபேசியா, ஊர்த் திடலா? ‘ஊர்த் திடலே’ அணியின் இரண்டாம் பேச்சாளர் உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாய் விரித்து முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, டீக்கடை பெஞ்சைவிட்டு எழாமலேயே கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தங்கை கைபேசியின் பெருமையை அடுக்கினார். ஊரில் ஒரு சாவு விழுந்தால் இரண்டே நிமிடத்தில் துபாய் வரை தெரிகிறது என்றார். விடிய விடியக் கூத்து யூடியூபில் கிடைக்கிறது என்றார். குழாய் உடைந்தால் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்றார். சுனாமியில் ஒரு கிராமத்தையே போன் காப்பாற்றியது என்றார். நன்றாகவே பேசினார். ஒரே ஒரு குறை. இவ்வளவையும் சொல்வதற்கு அவர் இந்தத் திடலுக்கு நடந்து வரவேண்டியிருந்தது. வீட்டிலிருந்தே குரலைப் பதிவு செய்து அனுப்பியிருக்கலாம். நடுவரும் ஒரு கட்டைவிரல் படம் போட்டுத் தீர்ப்பை முடித்திருப்பார்.

அவர் தொடங்கிய சாவுச் செய்தியிலிருந்தே நானும் தொடங்குகிறேன். சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு பாட்டி தவறிப்போனார். விடியற்காலை நான்கு மணி. நாலரைக்கெல்லாம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது. எட்டு மணிக்குள் கைகூப்பும் படம் நூற்றைத் தாண்டிவிட்டது. நானும் ஒன்று போட்டேன், பாயில் படுத்தபடியே. பத்து மணிக்குப் பார்த்தால் பந்தல் போட மூங்கில் பிடிக்க ஆள் இல்லை. அந்த வீட்டுப் பெரியவர் திண்ணையிலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டு, “கோயில் மைக்கில் சொல்லிவிட்டு வாடா” என்றார். மைக்கில் சொல்லிக் கால்மணி நேரம் ஆகவில்லை, தெருவில் சைக்கிள் நிறுத்த இடமில்லை. நானும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

செய்தி என்னவோ அதே செய்திதான். நாலரைக்குத் தெரியாத எதுவும் மைக்கில் புதிதாக வரவில்லை. பிறகு ஏன் ஓடினேன்? குழுவில் வந்த செய்தியை நான் பார்த்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். தூங்கிவிட்டேன், பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். மைக்கில் வந்ததை நான் கேட்டேன் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டால் நான் வீட்டில் உட்கார முடியாது. நீல நிறத்தில் இரட்டைக் குறி விழுகிறதே என்று எதிரணி கேட்கும். அதையும் அணைத்து வைக்கக் கற்றுக்கொண்டவர்கள்தானே நாம்!

சுனாமிக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26. புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள மீனவக் கிராமமான நல்லவாடு. தங்கை சொன்னது உண்மைதான். சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஆனால் தங்கை கதையைப் பாதியில் விட்டுவிட்டார், நடுவர் அவர்களே. போன் அடித்தது ஒரு வீட்டில். அந்த ஒரு வீடு அறிந்ததை ஊர் முழுக்க எப்படி அறிந்தது? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களை நடத்திவந்தது. அலை எவ்வளவு உயரம் வரும், கடலுக்குப் போகலாமா கூடாதா என்பதை மையத்தின் ஒலிபெருக்கியில் தினமும் சொல்வார்கள். அந்த மையத்தைத் திறந்து அதே ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். ஊர் எழுந்து ஓடியது. தினமும் அலை உயரத்தைக் கேட்டுப் பழகிய காது என்பதால், அந்தக் குரல் ‘ஓடு’ என்றபோது யாரும் ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. போன் செய்தவருக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். அந்த ஒலிபெருக்கிக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

இனி கூத்து. இதற்காகத்தான் நான் இந்த அணியில் பெயர் கொடுத்தேன், ஆகவே கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

யூடியூபில் முழுக் கூத்தும் கிடைக்கிறது. நானும் பார்க்கிறேன், ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன். எட்டு மணிநேரக் கூத்தை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு, எனக்கும் கூத்து தெரியும் என்று சொல்லிக்கொள்கிறேன். செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கத்தில் கூத்து என்றால் எப்படி இருக்கும் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. முகவீணை ஊத, மிருதங்கம் எழும்ப, இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து பாடுவான். முகம் தெரியாது, சலங்கைச் சத்தம் கேட்கும், கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடத்தின் நுனி மட்டும் திரைக்கு மேலே ஆடும். மடியில் தூங்குகிற பிள்ளையை அம்மா அந்த நேரத்தில்தான் உலுக்கி எழுப்புவாள்.

கூத்தில் ராஜாவுக்குக் கட்டியம் கூறி, இடையிடையே சிரிக்கவைக்கும் கட்டியக்காரன்தான் எங்கள் பக்கத்தின் முதல் நிருபர். ஏன் தாமதம் என்று ராஜா கேட்பார். “மகாராஜா, இந்த ஊருக்குக் கடைசி பஸ் ஏழு மணிக்கே போய்விட்டது. அத்தினாபுரத்திலிருந்துகூட நடந்து வந்துவிட்டேன், மெயின்ரோட்டிலிருந்து உங்கள் ஊருக்குள் நடக்கத்தான் முடியவில்லை” என்பான். முன்வரிசையில் ஊராட்சித் தலைவர் உட்கார்ந்திருப்பார். அவர் சிரித்தே ஆகவேண்டும். சிரிக்காவிட்டால் மறுநாள் காலையில் அதுதான் தலைப்புச் செய்தி.

நடுச்சாமத்தில், பாட்டு உச்சத்தில் இருக்கும்போது ஒருவர் எழுந்து வந்து நடிகரின் மார்பில் நூறு ரூபாய்த் தாளைக் குத்துவார். பாட்டு நின்றுவிடும். மைக்கில் அறிவிப்பு வரும்: மேலத்தெரு இன்னாரின் மகன், பெங்களூரில் வேலை செய்பவர், தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் நூறு ரூபாய் அன்பளிப்பு. நகரத்திலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், கலைக்கு இடைஞ்சல் என்று. கல்லூரி முடித்து வந்த புதிதில் நானும் சுளித்திருக்கிறேன். உட்கார்ந்து கவனித்த பிறகுதான் புரிந்தது: யார் வெளியூர் போனார், யாருக்கு வேலை கிடைத்தது, யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, அத்தனையும் அதில் இருக்கிறது. விடிவதற்குள் அச்சடித்து முடிகிற எங்கள் ஊர் நாளிதழ் அது.

எங்கள் ஊரில் ஒரு அண்ணன் தம்பி. கிணற்றுப் பங்கில் தகராறு. ஆறு வருடம் பேச்சில்லை. பாஞ்சாலி சபதம் போட்ட அன்று இரவு தம்பி எழுந்துபோய் இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டு, மைக் பிடித்தவர் காதில் ஏதோ சொன்னார். “அண்ணன் பெயரால் இருநூறு ரூபாய் அன்பளிப்பு” என்று அறிவிப்பு வந்தது. திடல் முழுவதும் கழுத்தைத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்த்தது. அண்ணன் அங்கே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பனி என்று நினைக்கிறேன். யாரும் யாரையும் சமாதானம் செய்யவில்லை, பஞ்சாயத்து வைக்கவில்லை. மறுவாரம் மோட்டார் போடுவதற்கு முறை வைத்துக்கொண்டார்கள். இதையே அந்தத் தம்பி குழுவில் எழுதியிருந்தால்? ‘பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை’ என்று ஏழாவது வருடத்துச் சண்டை தொடங்கியிருக்கும்.

கிராமத்துக் கலையைக் கைபேசிதான் உலகத்துக்குக் கொண்டுபோனது என்றார்கள். 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, செய்யாறு பக்கத்துப் புரிசைக் கிராமத்தின் கூத்தில்தான் தமிழ் நாடகத்தின் வேரைக் கண்டார். அந்த ஊர்க் கூத்து வாத்தியார் கண்ணப்பத் தம்பிரானிடமிருந்து கூத்துப்பட்டறை கற்றுக்கொண்டது. அன்று எந்த ஊரில் கைபேசி இருந்தது? 2020இல் ஊரடங்கு வந்தபோது பங்குனி, சித்திரை மாதத் திருவிழாக்கள் நின்றன. எல்லோர் கையிலும் கைபேசி இருந்தது. காணொளிகளும் நிறைய இருந்தன. கூத்தாடிகள் வீட்டு அடுப்பு எரியவில்லையே, ஏன்? இதயப் படத்தை உலையில் போட முடியாது.

சிரித்தது போதும். ஒரு கசப்பான விஷயம் சொல்லவேண்டும். 2018 மே மாதம், நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூருக்குப் பக்கத்தில். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களோடு வந்த ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று அந்த நாட்களில் கைபேசி கைபேசியாக ஒரு வதந்தி பரவிக்கொண்டிருந்தது. அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள்.

அடித்தது கைபேசியா, ஊர் கூடித்தானே அடித்தது என்று எதிரணி கேட்கலாம். நியாயமான கேள்வி, அதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. கூட்டம் வேறு, திடல் வேறு. திடலுக்கு ஒரு புதியவர் வந்தால் முதல் கேள்வி என்ன? “எந்த ஊரம்மா? யார் வீட்டுக்கு வந்தீர்கள்? எந்தக் குலசாமி?” இந்த மூன்று கேள்வியை ஒருவர் நின்று கேட்டிருந்தால் அந்த அம்மா பொங்கல் வைத்துவிட்டு ஊர் திரும்பியிருப்பார். பழைய வதந்திக்காவது ஒரு வாய் இருந்தது. யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே போனால் ஏதோ ஒரு திண்ணையில் போய் முடியும். கைபேசி வதந்திக்கு வாயே கிடையாது. ஆளாளுக்குத் தனித்தனியாகப் பயந்துபோய்க் கிடந்தவர்கள், பயந்தபடியே ஒன்று சேர்ந்தார்கள்.

திடல் மட்டும் யோக்கியமா? இல்லை, நடுவர் அவர்களே. இதைச் சொல்லாமல் இறங்கினால் நான் பொய்யன். இந்தத் திடலில் எல்லோருக்கும் பாய் விரிக்க இடம் இருந்ததா? யார் எங்கே உட்காரலாம், யார் எட்ட நிற்கவேண்டும் என்று சாதி அளந்துவைத்த திடல் இது. ஊர்ச் செய்தி சொல்லப் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போக வேண்டியவர் யார் என்பதும் பிறப்பிலேயே முடிவாகியிருந்தது. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, தண்டோரா போடுவதை நிறுத்துங்கள், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்றார். அன்று நான் கைதட்டினேன். கூத்தில் பெண் வேடத்தையும் ஆணே கட்டிய காலம் நீண்டது. காஞ்சிபுரம் பக்கத்துக் கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் முறையாகக் கற்று வேடம் கட்டினார்கள். அதாவது, திடலைத் திருத்த முடிகிறது. சண்டை போட்டு, கேட்டு வாங்கி, உள்ளே வந்து உட்கார முடிகிறது, ஏனென்றால் அது கண்முன்னால் இருக்கிறது. நம்மைக் கேட்காமல் குழுவிலிருந்து நீக்கிவிட்டால் எந்த வாசலில் போய் நிற்பது?

உடைந்த குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. படம் அனுப்பினேன், எனக்கும் ஒரு புகார் எண் வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன், தண்ணீர் வரவில்லை. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை. பல ஊர்களில் அது நோட்டில் கையெழுத்து வாங்கும் சடங்காகத்தான் நடக்கிறது என்பதும் தெரியும். ஆனாலும் மே 1 அன்று எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர் காலிக் குடத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒன்றும் பேசவில்லை. வரவு செலவு படித்தவர் ‘குடிநீர்ப் பராமரிப்பு’ என்ற வரிக்கு வந்ததும் குடத்தைத் தரையில் வைத்தார்கள். அந்தச் சத்தத்துக்குப் புகார் எண் கிடையாது. வெள்ளிக்கிழமை குழாய்க்காரர் வந்தார்.

மணி அடித்துவிட்டீர்கள். முடித்துவிடுகிறேன். உங்களுக்குப் பின்னால் தபசு மரம் நட்டாயிற்று. இன்றிரவு அர்ச்சுனன் தபசு. விடிகிற நேரத்தில் அர்ச்சுனன் பாடிக்கொண்டே அதில் ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவான். மிருதங்கக்காரர் ஏற்கெனவே வந்து உங்கள் மேசையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், ஆகவே தீர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். இன்னொரு விஷயம். கைபேசிக்காக இவ்வளவு நேரம் வாதாடிய எதிரணித் தங்கையின் வீட்டுப் பாய், மரத்துக்கு நேரே இரண்டாவது வரிசையில், நான்கு மூலையிலும் செங்கல் வைத்து விரித்திருக்கிறது. மாலை ஐந்து மணிக்கே வந்து இடம் பிடித்ததை நான் பார்த்தேன்.

நன்றி, வணக்கம்.