ஆறாம் விரலும் தூரத்து மதகும்

நேயர்களுக்கு வணக்கம். என் பெரியப்பாவுக்கு வலது கையில் ஆறு விரல். கட்டைவிரலை ஒட்டி இன்னொரு குட்டிக் கட்டைவிரல், நகத்தோடு. நாற்றுமுடி பிரிக்கும்போது அது மட்டும் தனியாக ஆடும். ஊரார் அதிர்ஷ்டம் என்பார்கள். அவரோ, "மோதிரம் போடக்கூட உதவாத விரல்" என்பார்.

மேட்டூரில் தண்ணீர் திறந்தாச்சு என்று செய்தி வந்தால் உடனே நம் வயல் நனைந்துவிடுமா? கல்லணையில் பிரியணும், வாய்க்காலில் ஏறணும், கடைசியில் மடையை வெட்ட ஓர் ஆள் மண்வெட்டியோடு நிற்கணும். மரபணுவும் ஏறக்குறைய அப்படித்தான். செல்லில் இருந்தால் மட்டும் போதாது, அதைப் படியெடுக்கணும். நாக்கின் செல்லிலும் கல்லீரலின் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. புரதம் செய்யும் மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. எதைப் படியெடுப்பது என்பதில்தான் நாக்கு நாக்காகிறது.

படியெடுப்பது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி. அதைச் சரியான இடத்தில் உட்காரவைக்க வேறு புரதங்கள் வேண்டும். டி.என்.ஏ.வில் இடம் பார்த்து ஒட்டும் இந்தக் கட்டுப்பாட்டுப் புரதங்கள் மனிதரில் சுமார் 1,600 வகை. முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும் டி.என்.ஏ.வை அவை பிரித்துப் படிப்பதில்லை. முறுக்கின் பள்ளத்தில் நுழைந்து எழுத்துகளை, அதாவது டி.என்.ஏ.வின் வேதி அலகுகளை, தடவியே கண்டுபிடிக்கின்றன. நெல்லைத் தடவியே ரகம் சொல்பவர்கள் நம் ஊரில் உண்டே, அது மாதிரி. ஒட்டியபின் சில பாலிமரேஸை வரவழைக்கும், சில தடுக்கும்.

சரி, விரலுக்கு வருவோம். கருவில் கை முளைவிடும்போது சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு (ஆமாம், வீடியோ கேமில் வரும் முள்ளெலியின் பெயர்தான்) சுண்டுவிரல் பக்கம் மட்டும் வேலை செய்யணும். அதற்கான மதகு, அதாவது கட்டுப்பாட்டுப் புரதங்கள் ஒட்டும் டி.என்.ஏ. துண்டு, பக்கத்தில் இல்லை. சுமார் 10 லட்சம் எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவுக்குள் கிடக்கிறது! இங்கேதான் என் காவிரிக் கதை உதவாமல் போகிறது. மேட்டூர் அணை எழுந்து வந்து திருவையாற்றில் நிற்காது. டி.என்.ஏ. வளையும், புரதங்கள் ஒட்டிய அந்தத் தூரத்துத் துண்டு மடிந்து மரபணுவின் அருகே வந்துவிடும்.

அந்தத் துண்டில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும் குடும்பங்கள் உண்டு. மரபணு பழுதில்லாமல்தான் இருக்கும். ஆனால் ஒட்டக்கூடாத புரதம் அங்கே ஒட்டும், கட்டைவிரல் பக்கமும் மடை திறந்துகொள்ளும், விரல் ஒன்று கூடும்.

ஆறாம் விரலுக்கு இது ஒரு காரணம்தான்; வேறு காரணங்களும் உண்டு. போன மாதம் பெரியப்பாவின் பேத்திக்குக் குழந்தை பிறந்தது. போட்டோ அனுப்பியிருந்தார்கள். வலது கை, அதே இடம். நகம்கூட இருக்கிறது.