கதையில் பேய், கல்லடி தேவாங்குக்கு

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அம்மணிகளே, முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

காட்டைப் பற்றிய பேய்க்கதைகள் காட்டைக் காத்தனவா, கெடுத்தனவா? கெடுத்தன என்று சொல்ல வந்திருக்கிறேன்.

முனி பயம் இல்லாவிட்டால் கோயில் தோப்பில் ஒரு வேப்பமரம் மிஞ்சியிருக்குமா என்று அண்ணன் கேட்டார். மிஞ்சியிருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணே, முனியப்பன் இடம் என்று நாம் விட்டுவைத்தது ஓர் ஏக்கரா, இரண்டு ஏக்கரா. அதற்கு வெளியே என்ன ஆச்சு? தோட்டங்களுக்கு நடுவே, உயிர்வேலிக்குள் போகிற வண்டித்தடமான இட்டேரிக்கு வாங்க.

காங்கேயம், தாராபுரம் பக்கத்து ஆட்களுக்கு இட்டேரியை விளக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியும் சங்கஞ்செடியும், அதன்மேல் படர்ந்த கோவைக்கொடி. உள்ளே கௌதாரி, கீரி, ஓணான். பேருக்குத்தான் வண்டித்தடம், உள்ளே ஒரு குட்டி வனமே குடியிருந்தது. அதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லி வளர்த்தோம்? "பொழுது விழுந்தால் அந்தப் பக்கம் போகாதே, காத்துக் கருப்பு அடிச்சிரும்." அந்தப் பிள்ளை பெரியவனாகி, கையில் நாலு காசு சேர்ந்ததும் இட்டேரியை ஒட்ட வழித்துவிட்டுக் கம்பி வேலி போட்டான். பேய்க்குப் பயந்தவன் கோடாலி எடுக்கமாட்டான் என்கிறது எதிரணி. கோடாலி எடுக்கமாட்டான், ஜேசிபியைக் கூப்பிடுவான், நடுவர் அவர்களே!

சரி, செடி கொடியை விடுங்க. கூகை என்ன பாவம் செய்தது? பனையில் உட்கார்ந்து கத்தினால் எழவு விழும் என்று விரட்டுகிறோம். வெள்ளை முகம், சத்தமே எழுப்பாத சிறகு, இருட்டில் தலைக்கு மேலே போனால் எனக்கும் தூக்கிவாரித்தான் போடும். ஆனால் விடிந்ததும் அந்தப் பனையடியில் போய்ப் பாருங்க. கட்டைவிரல் பருமனில் கருப்பு உருண்டைகள் கிடக்கும். ஒன்றை உடைத்தால் உள்ளே எலி மயிர், எலும்பு, பல்லோடு சேர்ந்த சின்னத் தாடை. ராத்திரி நம் வயல் எலியைத் தின்றுவிட்டுச் செரிக்காததைத் துப்பியிருக்கிறது. ஆந்தை வந்து உட்காரட்டும் என்று வயலில் குச்சி நடச் சொல்கிறார்கள் வேளாண்மை படித்தவர்கள். நாம் கல்லைத் தேடுகிறோம்.

தேவாங்கு கதை இதைவிடக் கொடுமை. எடை கால் கிலோவுக்கு முன்னே பின்னே, வால் கிடையாது, கிளையைப் பிடித்துப் பிடித்து மெதுவாக நகரும், பூச்சியைத் தின்னும். டார்ச் அடித்தால் இரண்டு கண்ணும் தீக்கங்காக மின்னும். அந்தக் கண்ணுக்காகவே அதைப் பேய் என்றோம், அபசகுனம் என்றோம், மாந்திரீகத்துக்கு வேண்டும் என்று பிடித்தும் கொன்றோம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கிடக்கிற கடவூர்க் காட்டை 2022ல் அரசு தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. 11,806 ஹெக்டேர், தேவாங்குக்கென்று இந்தியாவிலேயே முதல் சரணாலயம். முனிக்கதையே காப்பாற்றியிருந்தால் அரசாணை எதற்குங்க?

எதிரணி அம்மணி அமெரிக்கா வரைக்கும் போனார். வாஷிங்டன் மாநிலத்து ஸ்கமேனியா கவுண்டியில், பிக்ஃபுட் என்கிற உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த காட்டு மனிதனைக் கொன்றால் 10,000 டாலர் வரை அபராதம், 5 வருஷம் வரை ஜெயில் என்று 1969ல் சட்டம் போட்டார்கள் என்றார். வாஸ்தவம்தான். போட்ட தேதி ஏப்ரல் 1 என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்! போகட்டும். அம்மணி, அங்கே யாருமே பிடித்துக் காட்டாத மிருகத்துக்குக் காவல். இங்கே கிளையில் உட்கார்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிற மிருகத்துக்குக் கல்லடி. அந்த ஊர்க் கதையை வைத்து நம் ஊர்க் கதைக்கு நற்சான்றிதழ் வாங்க முடியுமா?

கதையே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. நம் கொங்கு நாட்டுப் பாட்டுக்கதையான அண்ணமார் கதையில் கொம்பன் என்கிற காட்டுப்பன்றி வருகிற இடத்தை விடிய விடிய உட்கார்ந்து கேட்பேன். ஆனால் அதிலும் கடைசியில் கொம்பன் செத்துத்தான் போகிறான். நாம் கதைக்குள் இழுத்துவந்த மிருகம் எது உருப்பட்டது, சொல்லுங்க பார்ப்போம்?

அடுத்துப் பேச வரும் அண்ணனுக்கு ஒரே கேள்வி. இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டு ஓட்டின் மேல் கூகை வந்து கத்தினால் என்ன செய்வீங்க? அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு அப்புறம் காவலைப் பற்றிப் பேசட்டும். நன்றி, வணக்கம்.