ஒரு கணினி, மூன்று கீபோர்டு: மூன்று பேர் தனித்தனியாக வேலை செய்ய முடியுமா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். சின்ன அளவில் தட்டச்சு வகுப்பு நடத்தும் ஒரு நேயர் கேட்டிருக்கிறார். "சார், என்னிடம் ஒரு நல்ல கணினி இருக்கிறது. பழைய மானிட்டர் இரண்டும் கீபோர்டு இரண்டும் சும்மா கிடக்கின்றன. எல்லாவற்றையும் அந்தக் கணினியிலேயே மாட்டினேன். எல்லாத் திரையிலும் படம் வருகிறது. ஆனால் எந்தக் கீபோர்டில் அடித்தாலும் எழுத்து ஒரே இடத்தில்தான் விழுகிறது. மூன்று பேர் தனித்தனியாக வேலை செய்ய வழி உண்டா?"

உண்டு. நீங்கள் மாட்டியதில் தவறில்லை. தன் முன்னால் ஒரே ஓர் ஆள்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது கணினியின் நினைப்பு. பத்து கீபோர்டு மாட்டினாலும் எல்லாம் அந்த ஓர் ஆளுடையவை என்றே எடுத்துக்கொள்ளும். இது இவருடையது, அது அவருடையது என்று நாம்தான் பாகம் பிரித்துக் கொடுக்க வேண்டும். இதற்கு மல்டிசீட் என்று பெயர். ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ் சேர்ந்தால் ஓர் இருக்கை.

விண்டோஸில் செய்யலாமா என்று கேட்பீர்கள். மைக்ரோசாஃப்ட்டே இதே வேலைக்காக, பள்ளிகளுக்கு என்று 2010-ல் மல்டிபாயிண்ட் சர்வர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பிறகு அதை விண்டோஸ் சர்வர் 2016-க்குள் ஒரு பகுதியாகச் சேர்த்தார்கள். 2019 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். இதே வேலைக்கு ஆஸ்டர் என்று காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. ஆனால் வீட்டு விண்டோஸின் உரிமம் ஒரு நேரத்தில் ஒருவர் பயன்படுத்துவதற்குத்தான். வகுப்பு நடத்துகிறவர் அந்தச் சிக்கலுக்குள் போக வேண்டாம் என்பது என் கருத்து.

விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் இலவச இயங்குதளமான லினக்ஸில் இது இலவசம், தனியாக மென்பொருள் எதுவும் வாங்கி நிறுவவும் வேண்டாம். இருக்கை பிரிக்கும் வசதி சிஸ்டம்-டி என்ற அடிப்படைப் பகுதியிலேயே இருக்கிறது. உபுண்டு, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகள் இரண்டிலும் அது உண்டு. முதல் இருக்கைக்கு சீட் பூஜ்யம் என்று பெயர், எல்லாக் கருவிகளும் முதலில் அதில்தான் இருக்கும். லாகின்-சிடிஎல் என்ற கட்டளையில் எந்தக் கருவி எந்த இருக்கையில் என்று பார்க்கலாம். அதிலேயே அட்டாச் என்று கொடுத்து ஒரு கருவியை வேறு இருக்கைக்கு மாற்றலாம். கட்டளைகளை வீடியோவுக்குக் கீழே எழுதிப் போடுகிறேன், வாயால் சொன்னால் குழம்பும். மாற்றிவிட்டு மறுபடி தொடங்கினால் ஒவ்வொரு திரையிலும் தனி லாகின் பக்கம் வந்து நிற்கும். முதல் தடவை பார்க்கும்போது நிஜமாகவே ஆச்சரியமாக இருக்கும்.

ஆனால் எல்லோரும் தடுக்கி விழும் இடம் கிராஃபிக்ஸ் கார்டு, அதாவது திரைக்குப் படம் அனுப்பும் அட்டை. ஒரே கார்டில் மூன்று மானிட்டர் மாட்ட இடம் இருந்தாலும் அது மூன்று இருக்கை ஆகாது. இருக்கைக்கு ஒரு கார்டு வேண்டும். ஒரே கார்டைப் பங்கு போடச் சுற்றுவழி இருக்கிறது, ஆனால் வீடியோ ஓடினால் திணறும். கணினியின் முக்கிய அட்டையான மதர்போர்டில் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸை ஓர் இருக்கைக்கு வைத்துக்கொண்டு, மற்ற இரண்டுக்கும் மலிவான கார்டு இரண்டு போடுங்கள். ஏஎம்டி நிறுவனத்தின் பழைய கார்டே போதும். வாங்கும் முன் பெட்டியைத் திறந்து, கார்டு செருக எத்தனை இடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சின்ன மதர்போர்டில் பெரிய கார்டுக்கு ஒரே இடம்தான் இருக்கும். இன்னொன்று, வெளிக்கார்டு போட்டதும் உள் கிராஃபிக்ஸ் தானாக அணைந்துவிடுவது வழக்கம். கணினி தொடங்கும்போது வரும் அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய் அதை மறுபடி இயக்க வேண்டும். பழைய மானிட்டர் என்கிறீர்கள், நீல நிற விஜிஏ கேபிள்தான் இருக்கும். புதிய கார்டில் அந்த இடமே இருக்காது, மாற்றிக் கருவி வாங்க வேண்டியிருக்கும்.

அப்புறம் கீபோர்டு. ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு யூஎஸ்பி ஹப், அதாவது ஒரு யூஎஸ்பி இடத்தைப் பலவாக்கும் சின்னப் பெட்டி வாங்கி, அந்த ஹப்பையே இருக்கைக்கு ஒதுக்குங்கள். அதில் எதைச் செருகினாலும் அந்த இருக்கைக்கே போகும். ஒரு விஷயம் கவனம்: கணினி நினைவில் வைத்துக்கொள்வது கீபோர்டை அல்ல, அது செருகியிருக்கும் இடத்தை. எங்கள் வீட்டில் தூசி தட்டியபோது இரண்டு ஹப்பும் இடம் மாறிவிட்டன. என் மகன் அடித்ததெல்லாம் என் திரையில் வந்தது, அரை மணி நேரம் வைரஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் கேபிளில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

இதெல்லாம் விளையாட்டுக்குச் செய்கிற வேலை என்று நினைக்க வேண்டாம். பிரேசில் பள்ளிகளில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளை இந்த முறையில் அமைக்கும் திட்டத்தை 2009-ல் கனடாவின் யூஸ்ஃபுல் நிறுவனம் அறிவித்தது. அதுவும் லினக்ஸில்தான்.

தட்டச்சுக்குப் பெரிய சக்தி தேவையில்லை, மூன்று பேருக்கும் 8 ஜிபி ரேம் தாராளம். மூவரும் பிரவுசர் திறந்து உட்காரப் போகிறார்கள் என்றால் 16 வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் உள்ளே இருக்கும்போது ஒரு மாணவர் ஷட்-டவுன் கொடுத்தால் நிர்வாகி கடவுச்சொல் கேட்கும், அந்தப் பயம் வேண்டாம். ஆனால் கரண்ட் போனால் மூன்று பேர் வேலையும் சேர்ந்து போகும், ஒரு யூபிஎஸ் கட்டாயம்.

முதலில் இரண்டு இருக்கை மட்டும் அமைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது இருக்கைக்கான கார்டுக்குப் பணத்தை அதற்குப் பிறகு எடுங்கள்.